பெயில் என்ற ஒரு சொல்

வெளிநாட்டு வேலைக்குப் போகும் எங்கள் பெண்களின் பேச்சில் சில ஆங்கிலச் சொற்கள் தமிழாகவே மாறிவிட்டன. ஏஜென்சி, விசா, டிக்கற், மெடிக்கல். இவற்றுள் மெடிக்கல் என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் இரண்டு சொற்களில் ஒன்று வரும். ஒன்று பாஸ், மற்றது பெயில். பாஸ் என்றால் வீட்டில் சந்தோஷம். கடன் கொடுத்தவர் முகத்திலும் சந்தோஷம். பெயில் என்றால் ஏன் பெயில் என்று யாரும் கேட்பதில்லை. ஊர் அதற்கு ஒரே பதிலை ஏற்கெனவே வைத்திருக்கும். அந்தப் பதிலை வாய்விட்டும் சொல்ல மாட்டார்கள். "அந்த வருத்தம்" என்பார்கள். அதற்குமேல் பேச்சு இல்லை.

நான் தமிழ் படிப்பிக்கிற வாத்தியார். ஆசிரியர் கலாசாலையில் பெற்ற பயிற்சியும் அதற்குத்தான். ஆனால் வன்னியின் சிறிய பாடசாலைகளில் ஆசிரியர்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு. ஒருவர் மூன்று பாடங்களைச் சுமப்பது புதினமில்லை. சில வருடங்களாகச் சுகாதாரமும் உடற்கல்வியும் என் நேரசூசியில் ஏறியிருக்கிறது. அதில் பாலியல் வழித் தொற்றுகளைப் பற்றிய பகுதி வரும்போது, "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவது பல இடங்களில் நடப்பதுதான். என்னால் அப்படிப் புரட்ட முடியவில்லை. அதற்குக் காரணம் என் சிறுவயதில் பக்கத்துக் கொட்டிலில் இருந்த ஒரு ராத்தா.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. முல்லைத்தீவிலிருந்து கையில் பிடித்த பையோடு புறப்பட்ட நாங்கள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் வந்து சேர்ந்தோம். வாப்பாமாருக்கு அங்கே வயலும் இல்லை, கடலும் இல்லை. உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் கிடைத்த கூலி அரை வயிற்றுக்குப் போதவில்லை. சில வருடங்களில் உம்மாமார் சவூதிக்கும் குவைத்துக்கும் புறப்படத் தொடங்கினார்கள். அடுப்படியை விட்டு அதிகம் வெளியே வராத பெண்கள் ஆகாயக் கப்பலில் ஏறிப் போய் யாருடையவோ அடுப்படியில் நின்றார்கள். இன்று வன்னியில் மீளக் குடியேறியிருக்கும் எத்தனையோ கல்வீடுகளின் அத்திவாரம் அந்தப் பணம்தான்.

எங்கள் உம்மாவும் போனார். கொழும்பில் ஏஜென்சிக்காரர் கூட்டிப்போன இடத்தில் இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், நெஞ்சுப் படம் பிடித்தார்கள். எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. மாலையில் "பாஸ்" என்றார்கள். அவ்வளவுதான்.

பக்கத்துக் கொட்டில் ராத்தாவும் அப்படித்தான் போனார். இரண்டு வருட ஒப்பந்தம் முடித்து வந்து, மகளின் காதுக்கு ஒரு சோடித் தோடும் கொட்டிலுக்குத் தகரமும் வாங்கிப் போட்டுவிட்டு மறுபடி போனார். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மெடிக்கல் பெயில். என்ன நோய் என்று அங்கே சொல்லவில்லை. கையில் அறபியில் எழுதிய ஒரு கடதாசி இருந்தது. குர்ஆன் ஓதத் தெரிந்த ஊர்தான். ஆனால் அந்த வைத்தியச் சொற்களை விளங்க ஒருவரும் இருக்கவில்லை. கடதாசியை வாசிக்காமலே ஊர் தீர்ப்பை வாசித்துவிட்டது. கந்தூரிச் சமையலுக்கு அவரைக் கூப்பிடுவது நின்றது. குழாய்க் கிணற்றடியில் அவர் தண்ணீர் அடித்துவிட்டுப் போனால் அடுத்தவர் கைபிடியைக் கழுவிவிட்டு அடித்தார். ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போனால் அதுவே சாட்சியாகிவிடும் என்று பயந்தார். விடாத இருமலோடும் காய்ச்சலோடும் இரண்டு வருடம் கிடந்து வபாத்தானார்.

பின்னாளில்தான் ஒரு விசயத்தை வாசித்து அறிந்தேன். வளைகுடா நாடுகளின் அந்த மெடிக்கலில் எச்.ஐ.வி. மட்டும் பார்ப்பதில்லை. கசநோய், ஈரலைத் தாக்கும் ஹெப்படைற்றிஸ் பி, சி, கர்ப்பம் என்று நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. இவற்றில் எது இருந்தாலும் பெயில்தான். ராத்தாவின் இருமல் கசநோயாகவும் இருந்திருக்கலாம். அப்படியானால் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் ஆறு மாத மருந்து அவரைக் காப்பாற்றியிருக்கும். எச்.ஐ.வி.யாகவே இருந்தாலும் சரி, அவரைச் சாகவிட்டதில் வெட்கத்துக்கும் பங்கு உண்டு.

எச்.ஐ.வி.யைத் தடுப்பதற்கு உலகம் நாற்பது வருடங்களாகச் செய்த ஆராய்ச்சிகளை நான் வாசிக்கத் தொடங்கியது இந்தக் குடைச்சலால்தான். அவற்றில் எங்கள் பெண்களைப் பற்றிய ஒன்றும் அகப்பட்டது. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் வேறு அமைப்புகளோடு சேர்ந்து நடத்தி 2009 இல் வெளியிட்ட ஆய்வு அது. இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் ஆகிய நான்கு நாடுகளிலிருந்து அறபு நாடுகளுக்குப் போகும் பெண்களைப் பற்றியது. பஹ்ரைன், லெபனான், ஐக்கிய அறபு இராச்சியம் ஆகிய இடங்களிலும் விசாரித்திருக்கிறார்கள். போகுமுன் பெண்களுக்குக் கிடைக்கும் விளக்கம் மிகச் சொற்பம். எசமான் வீட்டில் பாலியல் வன்முறை நேர்ந்தால் முறையிட இடமில்லை. பரிசோதனை கட்டாயம், ஆனால் அதற்கு முன்னும் பின்னும் ஆலோசனை கிடையாது. தொற்று இருந்தால் நாடுகடத்தல். திரும்பி வந்தவளைத் தாங்கிக்கொள்ள ஊரிலும் ஏற்பாடு இல்லை. இதுதான் அதன் சாராம்சம். எங்கள் ஊரில் இருந்து எழுதியது போலிருந்தது.

இந்த ஆய்வுகள் 'இலகுவில் பாதிக்கப்படக்கூடிய சமூகம்' என்று சொல்வதைக் கேட்டவுடன் நம்மில் பலர் ஒழுக்கக்கேட்டை நினைக்கிறார்கள். ஆய்வாளர் சொல்வது வேறு. ஒருவருக்குத் தன் உடம்பைப் பற்றி 'மாட்டேன்' என்று சொல்லும் பலம் இல்லாத நிலை, அறிவு கிடைக்காத நிலை, ஆஸ்பத்திரிப் படியேற அஞ்சும் நிலை, இவைதான் அந்தப் பாதிப்பு. பூட்டிய வீட்டில் இருக்கும் பணிப்பெண்ணுக்கு அது உண்டு. கணவன் எங்கெங்கோ போய்விட்டு வந்தாலும் கேள்வி கேட்க முடியாத மனைவிக்கும் உண்டு. இலங்கையில் இப்போது அடையாளம் காணப்படுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அதில் இளைஞர் தொகை கூடிவருகிறது. ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள், பாலியல் தொழிலாளர், போதைக்கு அடிமையானோர் என்று பட்டியல் நீளும். மார்க்கத்தில் நமக்கு அவற்றைப் பற்றித் தெளிவான நிலைப்பாடு உண்டு. ஆனால் ஒரு செயலை ஹராம் என்று சொல்வது வேறு, அதைச் செய்தவனுக்கு மருந்துச் சாலையின் கதவை அடைப்பது வேறு. இரண்டாவதைச் செய்யும்படி மார்க்கம் நம்மிடம் கேட்கவில்லை.

கதவை அடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே கதை இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. உண்டு என்று முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த நிர்மலா என்ற பெண், தன் பேராசிரியை சுனிதி சொலமனின் சொற்படி, பாலியல் தொழிலாளர் பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, கணவரோடு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். 1986 பெப்ரவரியில் அங்கே செய்த சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. அமெரிக்காவில் மறுபடி சோதித்தும் அதுவே உறுதியானது. அறிவியலில் அது பெரிய காரியம். ஆனால் அந்தப் பெண்களுக்கு என்ன நடந்தது? தொற்று இருந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பின்னும் விடாமல் தடுத்து வைத்தார்கள். நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் வெளியே வர முடிந்தது. சோதனைக்குப் போனால் சிறை என்று தெரிந்த பிறகு எந்தப் பெண் கையை நீட்டுவாள்?

சுனிதி சொலமன் அந்த இடத்தில் நின்றுவிடவில்லை. 1993 இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற நிலையத்தை ஆரம்பித்து, நோயாளரைத் தொட்டு, உட்கார வைத்துப் பேசி, குடும்பத்தோடு சேர்த்துப் பராமரித்தார். 2015 இல் அவர் காலமானார். அவருடைய நிலையமும் பங்குகொண்ட ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதியர். ஒவ்வொரு சோடியிலும் ஒருவருக்குத் தொற்று உண்டு, மற்றவருக்கு இல்லை. தொற்றுள்ளவருக்கு உடனேயே மருந்து தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011 இல் அறிவித்தார்கள். அதுவரை மருந்து நோயாளியைக் காப்பதற்கு மட்டும் என்றிருந்தது. அன்றோடு மருந்தே வேலியாகவும் ஆயிற்று. ஒழுங்காக மருந்து குடித்து, இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவு மூலம் தொற்றுவதில்லை என்பது இன்று உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. 2024 இல் தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் லெனகாபவிர் என்ற ஊசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுப் பார்த்தார்கள். போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை.

இவ்வளவும் வந்துவிட்டது. ஆனால் மருந்து வேலை செய்ய வேண்டுமானால் முதலில் நோய் இருப்பது தெரிய வேண்டும். தெரிய வேண்டுமானால் சோதிக்க வேண்டும். சோதிக்க வேண்டுமானால் பயமில்லாமல் வரவேண்டும். ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்தது எதுவும் அந்தப் பயத்தைப் போக்குவதில்லை. அந்த வேலை அயலுக்கும் பள்ளிவாசலுக்கும் பாடசாலைக்கும் உரியது.

பயம் இல்லாவிட்டால் எவ்வளவு சுலபம் என்பதை எங்கள் பெண்கள் தங்களை அறியாமலே காட்டியிருக்கிறார்கள். இலங்கையில் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குக்கு வரும் எல்லோரிடமும் எச்.ஐ.வி.க்கும் சிபிலிசுக்கும் இரத்தம் எடுக்கிறார்கள். வன்னியில் மழை வெள்ளத்திலும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும் குடும்பநல மாது அதைக் கவனித்துக்கொள்கிறார். தாயிடமிருந்து பிள்ளைக்கு இவ்விரண்டும் பரவுவது பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் ஒழிக்கப்பட்டுவிட்டதாக 2019 இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. எங்கள் ஊரில் ஒரு பெண்ணும் அதற்காக வெட்கப்பட்டு நான் பார்க்கவில்லை. எல்லோரிடமும் எடுக்கும் இரத்தம் ஒருவரையும் சுட்டிக்காட்டாது என்பதுதான் காரணம்.

நம் சமூகத்துக்கென்று தனியாக ஒரு மயக்கமும் இருக்கிறது. கத்னா செய்தவனுக்கு இது வராது என்கிறார்கள். சில பயான்களிலும் இது காதில் விழுகிறது. இதன் வேர் உண்மையான ஆய்வில்தான் இருக்கிறது. தென்னாபிரிக்காவின் ஒரேஞ்ச் பாம், கென்யாவின் கிசுமு, உகண்டாவின் ராக்காய் ஆகிய மூன்று இடங்களில் நடந்த சோதனைகள் 2005 இலும் 2007 இலும் வெளியாயின. கத்னா செய்த ஆண்களுக்குப் பெண்களிடமிருந்து தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். 60 சதவீதம் குறைவது 'வராது' என்றாகுமா? என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் அந்தக் கணக்குத் தெரியும். அதைவிட முக்கியம், ராக்காயிலேயே பிறகு செய்த ஆய்வு. தொற்றுள்ள கணவனுக்குக் கத்னா செய்ததால் மனைவிக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை என்று அது 2009 இல் சொன்னது. இரண்டாவது ஆய்வைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்வது பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

அதே உகண்டாவில் முஸ்லிம் வைத்தியர்கள் வேறொரு வழியைக் காட்டினார்கள். 1988 இல் தொடங்கிய உகண்டா இஸ்லாமிய மருத்துவச் சங்கம் 1992 முதல் இமாம்களுக்குப் பயிற்சி கொடுத்தது. ஒவ்வொரு பள்ளிவாசலிலும் இமாமோடு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தொண்டர்களாகச் சேர்ந்து வீடுவீடாகப் போய்ப் பேசினார்கள். ஜும்ஆக் குத்பாவில் பேசினார்கள். பிறகு மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் பாடம் வைத்தார்கள். ஆணுறையைப் பற்றிப் பேசலாமா என்று பெரிய வாக்குவாதம் வந்தது. வைத்தியர்களும் ஆலிம்களும் கூடி இருந்து பேசி, முதலில் மார்க்கம் சொல்லும் கற்பொழுக்கம், அதற்குப் பிறகு மற்றத் தகவல் என்று ஓர் ஒழுங்குக்கு வந்தார்கள். ஐ.நா.வின் எயிட்ஸ் அமைப்பு 1998 இல் இதை முன்மாதிரியாக எடுத்து நூலாக வெளியிட்டது. நம் நாட்டில் பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்குப் பஞ்சமில்லை. இந்தப் பேச்சுக்குத்தான் பஞ்சம்.

கொள்ளைநோய் ஹதீஸைக் காட்டி, தொற்றுள்ளவரை ஒதுக்குவது சுன்னத் என்று வாதிடுபவரையும் சந்தித்திருக்கிறேன். அம்வாஸ் கொள்ளைநோயின்போது உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் ஷாமுக்குள் நுழையாமல் ஸர்ஃகிலிருந்து திரும்பியது நம் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. ஆனால் அவர்கள் திரும்பியது நிலைமையை விசாரித்து, ஸஹாபாக்களோடு மஷூரா செய்த பிறகு. நோய் பரவும் வழி வேறானால் காவலும் வேறாகும். எச்.ஐ.வி. மூச்சில் வராது, கோப்பையில் வராது, ஸப்பில் தோளோடு தோள் நின்றால் வராது, நுளம்பு கடித்தும் வராது. மையித்தைக் கையுறை போட்டு, கழுவும் தண்ணீரைக் கவனமாக அகற்றி, எல்லாருக்கும் போலவே குளிப்பாட்டலாம். ஒதுக்குவதற்கு இங்கே வைத்தியக் காரணம் ஒன்றும் இல்லை.

அறிவியலுக்கு மாறான பயம் ஒரு சமூகத்தை என்ன பாடு படுத்தும் என்று நமக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020 இல் கொரோனாவில் மரணித்த நம் ஜனாஸாக்களை எரித்தார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியும் கேட்கவில்லை. 2021 பெப்ரவரியில்தான் அந்த முடிவு மாறியது. பிறகு ஓட்டமாவடி மண்ணில் அடக்கினோம். அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2024 இல். அந்த நாட்களில் நாம் அழுத அழுகையின் நியாயம் என்ன? நோயின் பெயரால் மனிதனின் கண்ணியத்தைப் பறிக்காதே என்பதுதானே? அதே நியாயம் வளைகுடாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண்ணுக்கு நம் ஊரில் உண்டா என்று கேட்கிறேன்.

பாடசாலைகளும் இதில் சுத்தமில்லை. 2016 இல் குருநாகல் மாவட்டத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு எந்தப் பாடசாலையிலும் இடம் கொடுக்கவில்லை. தகப்பன் எயிட்ஸால் இறந்தார் என்ற வதந்தி, அவ்வளவுதான். பிள்ளைக்குத் தொற்று இல்லை என்று தெரிந்த பிறகும் மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். உயர் நீதிமன்றம் வரை விசயம் போனது. கடைசியில் கண்டியிலுள்ள பெரிய கல்லூரி ஒன்று அவனைச் சேர்த்துக்கொண்டது. இன்னொரு பக்கம், குழந்தை வைத்திய நிபுணர் கமலிகா அபேரத்னவை நினைக்கிறேன். 1995 இல் வீதி விபத்தொன்றின் பின் ஏற்றிய இரத்தத்தால் அவருக்குத் தொற்று வந்தது. ஒளிக்காமல் நாட்டுக்குச் சொன்னார். மற்ற நோயாளருக்கு மருந்து கிடைக்க வேண்டும் என்று போராடி 2004 இல் மறைந்தார். அந்த வருட இறுதியில்தான் அரசாங்கம் இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கியது. வதந்தியை நம்பியவர்கள் பெற்றோர். உண்மையைச் சொன்னவர் ஒரு நோயாளி. பிள்ளைகளுக்கு எதைப் படிப்பிப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

என் வகுப்பில் நான் செய்வது சின்ன வேலை. அந்தப் பாடத்துக்கு முதல்நாள் ஒரு பிஸ்கட் டின்னை மேசையில் வைப்பேன். பெயர் எழுதாமல் கேள்வியைக் கடதாசியில் எழுதிப் போடச் சொல்வேன். பகிடிக்கு எழுதியவை சில இருக்கும்; அவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னால் பகிடி நின்றுவிடும். போன வருடம் ஒரு கடதாசி வந்தது.

"சேர், உம்மா குவைத்தில இருந்து பெருநாளைக்கு வாறா. மெடிக்கல் பெயில் எண்டு கதைக்கிறாங்க. உம்மா சமைச்சா நாங்க சாப்பிடலாமா?"

யாருடைய எழுத்து என்று நான் பார்க்கவில்லை. புறம்பேசுவதையும் துருவி ஆராய்வதையும் தடுத்த மார்க்கத்தில் இருந்துகொண்டு அதைப் பார்க்கக் கூடாது. முழு வகுப்புக்கும் சொன்னேன். சாப்பிடலாம். ஒரே சஹனில் கைபோட்டுச் சாப்பிடலாம். உம்மாவோடு ஒரே பாயில் படுக்கலாம். பெயில் என்பதற்குப் பத்துக் காரணம் உண்டு, அநேகமானவற்றுக்கு மருந்து உண்டு. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் வந்தால், என்ன நோய் என்று அவரிடம் கேட்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரட்டுமா என்று கேளுங்கள்.

பிறகு கரும்பலகையில் எழுதினேன்: வவுனியா வைத்தியசாலை, பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம், இரத்தம் சோதிப்பது இலவசம், மருந்து இலவசம், பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் உட்பட எல்லோரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். சோதினைக்கு வருமா சேர் என்று ஒருவன் கேட்டான். வராது, எழுதிக்கொள் என்றேன்.